பாட்டனாரின் 400 ஏக்கர்

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் நான் எழுதிய பிறந்த தேதிகளில் எத்தனை உண்மையானவை என்று யாரேனும் கேட்டால், நான் சற்றுத் தயங்கித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் கிராமத்துப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். பிறந்த தேதி என்னவென்றால், "கண்மாய் உடைந்ததே, அந்த வருஷம்; ஐப்பசி அடைமழை" என்பார்கள். எந்தக் கண்மாய், எந்த உடைப்பு என்று விசாரித்துக் கொண்டிருக்க நமக்கு நேரம் ஏது? வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று கணக்கு. மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுப் பையனைச் சேர்த்துக் கொள்வோம்.

அப்படி நான் சேர்த்த பையன் ஒருவன் வளர்ந்து ஆளாகி ஓர் உத்தியோகத்துக்கு மனுப் போட்டான். வயது வரம்பை இரண்டு மாதம் தாண்டிவிட்டது என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். ஐப்பசியில் பிறந்தவனை அதற்கு முந்திய மே மாதத்தில் பிறக்கச் செய்தது என் பேனா. அழைத்து வந்த பாட்டியோ காலமாகிவிட்டாள். அவன் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா, பாட்டி சொன்னதை அன்றைக்கு எழுதியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னான்.

அன்று முதல் பழைய ஏடுகளை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஓர் ஏட்டில் உள்ளதை எழுதியவர் யார், எந்தக் காரியத்துக்காக எழுதினார், எழுதும்போது எதிரே யார் நின்றார்கள் என்று கேட்கும் பழக்கம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கம் என்னை எங்கெங்கோ கொண்டுபோயிற்று. ஆண்டுதோறும் வகுப்பில் நான் நடத்திய மரக்குடிசைப் பாடத்தின் நாயகர் ஆபிரகாம் லிங்கனின் பாட்டனார் வரையில் கொண்டுபோய்விட்டது. அந்தத் தேடலைப் பற்றித்தான் நேயர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

லிங்கன் தம் முன்னோரைப் பற்றி அறிந்தது மிகச் சொற்பம். பாட்டனாரின் பெயரும் ஆபிரகாம் லிங்கனே. அவர் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் ஜில்லாவை விட்டு, மேற்கே மலைகளுக்கு அப்பால் இருந்த கென்டக்கிக் காட்டுக்குக் குடியேறினார். காட்டை அழித்து நிலமாக்கும் வேலையில் இருந்தபோது செவ்விந்தியர்களால் மறைந்திருந்து கொல்லப்பட்டார். இந்தக் கதைதான் தம் மனத்தில் மற்றெல்லாவற்றையும்விட ஆழப் பதிந்தது என்று 1854-இல் உறவினர் ஒருவருக்கு லிங்கன் எழுதினார். தந்தை விழுந்ததும் மூத்த மகன் மொர்தெகாய் குடிசைக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்ததும், சிறுவன் தாமஸின் அருகில் வந்த செவ்விந்தியனைக் குறிபார்த்துச் சுட்டதும் குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டவை. அந்தத் தாமஸ்தான் பின்னாளில் லிங்கனின் தந்தையானார்.

எப்போது நடந்தது இது? பாட்டனார் 1781 அல்லது 1782 வாக்கில் குடியேறி, ஓரிரண்டு ஆண்டுகளில் கொல்லப்பட்டார் என்று 1859-இல் லிங்கன் எழுதினார். 1860-இல் எழுதியபோது 1784 வாக்கில் என்றார். தந்தைக்கு அப்போது ஆறு வயது என்றும் சொன்னார். கதை தெளிவாக இருந்தது. தேதிதான் கண்மாய் உடைந்த வருஷம்.

இனி நிலப் பத்திரங்களைப் பார்ப்போம். வர்ஜீனியாவில் லின்வில் ஓடைக்கரையில் தமக்கிருந்த 250 ஏக்கரை 1780-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி பாட்டனார் 5,000 பவுனுக்கு விற்றிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 4-ஆம் தேதி, கென்டக்கியில் 400 ஏக்கருக்கு வர்ஜீனியா அரசின் நில அனுமதிச் சீட்டு ஒன்றை 160 பவுன் கொடுத்து வாங்கியிருக்கிறார். 5,000 பவுன் என்று வாசித்தவுடன் பெரிய மிராசுதார் என்று நினைத்துவிடக் கூடாது. அது சுதந்திரப் போர்க்காலத்துக் காகிதப் பணம். நாளுக்கு நாள் மதிப்பிறங்கிக் கொண்டிருந்தது. காட்டு நிலத்துக்கோ அரசு 100 ஏக்கருக்கு 40 பவுன் என்று முந்திய ஆண்டே விலையைச் சட்டத்தில் கட்டிவிட்டது. அந்த விலை ஏறுவதற்கு முன்னால் கையிலிருந்த காகிதத்தை மண்ணாக மாற்றிக்கொள்ளப் பலர் முந்தினார்கள். அவர்களுள் இவரும் ஒருவர்.

அந்தச் சீட்டில் அவர் பெயர் லிங்கன் என்று இல்லை. 'லிங்க்ஹார்ன்' என்று இருக்கிறது. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிவிட்டார். முன்னோரைத் தேடுகிறவர்கள் லிங்கன் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஏட்டைப் புரட்டியிருந்தால் இந்த 400 ஏக்கர் அகப்பட்டிருக்குமா? ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவரின் தகப்பனார் பெயரை மூன்று விதமாக எழுதிய பதிவேட்டை நானே பார்த்திருக்கிறேன். அந்த மூன்றில் ஒன்று என் கையெழுத்து.

அனுமதிச் சீட்டு வேறு, நிலம் வேறு. சீட்டு வாங்கியவர் காட்டுக்குள் போய் தமக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்து, சர்வேயரைக் கொண்டு அளக்கச் செய்ய வேண்டும். அந்த அளவைக் குறிப்பு கிடைத்திருக்கிறது. லிங்கனின் காரியதரிசிகளாக இருந்த நிக்கோலே, ஹே ஆகிய இருவரும் 1890-இல் வெளியிட்ட பெரிய சரித்திரத்தில் அதை அச்சிட்டிருக்கிறார்கள். ஜெபர்ஸன் ஜில்லாவில் லாங் ரன் என்ற ஓடைக்கரையில், எழுத்துச் செதுக்கிய ஒரு சர்க்கரை மேப்பிள் மரத்தில் எல்லை தொடங்குகிறது. கிழக்கே 300 கோல் போனால் ஒரு பாப்லரும் ஒரு மேப்பிளும். அங்கிருந்து வடக்கே 213⅓ கோல் போனால் ஒரு பீச் மரமும் ஒரு டாக்வுட்டும். மேற்கே 300 கோல் வந்தால் ஒரு வெள்ளை ஓக்கும் ஒரு ஹிக்கரியும். தெற்கே திரும்பி 213⅓ கோல் வந்தால் தொடங்கிய மரம். சங்கிலி பிடித்த இருவரும் லிங்கன் என்ற குடும்பப் பெயருடையவர்கள். எல்லை மரங்களில் வெட்டுக்குறி இட்டவர் நிலத்துக்குடையவரே.

கணக்கு வாத்தியாராகவும் இருந்தவன் ஆகையால் நான் உடனே பென்சிலை எடுத்தேன். அவர்களுடைய கோல் பதினாறரை அடி. 160 சதுரக் கோல் ஒரு ஏக்கர். நம் ஊரில் ஒரு கோல் சதுரத்தைக் குழி என்கிறோமே, அதைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். 300-ஐ 213⅓-ஆல் பெருக்கினால் 64,000. அதை 160-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 400. காட்டில், மேடும் பள்ளமும் ஓடையுமாகக் கிடக்கும் இடத்தில், சங்கிலி பிடித்து அளந்தவர்களுக்கு விடை இவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது! சீட்டில் இருந்த 400-ஐ முதலில் வைத்துக்கொண்டு பக்கங்களைப் பிறகு அமைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். விடையைப் பின்பக்கத்தில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடும் பிள்ளைகளை நான் நன்கு அறிவேன்.

ஆனால் இந்தக் குறிப்பில் நமக்கு வேண்டியது வேறு. அதன் தேதி 1785-ஆம் ஆண்டு மே மாதம் 7. அன்று பாட்டனார் உயிரோடு நின்று மரத்தில் கோடரிக் குறி இட்டுக் கொண்டிருந்தார். பேரர் சொன்ன 1784 பொருந்தாது. பாட்டனார் இறந்தது 1786-ஆம் ஆண்டு மே மாதம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணிக்கிறார்கள். தாமஸுக்கு அப்போது வயது ஆறல்ல, எட்டு.

இரண்டு வருஷம் முன்பின்னானால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். கென்டக்கி அப்போது தனி ராஜ்யமாகப் பிரியவில்லை. வர்ஜீனியாவின் சட்டமே அங்கும் செல்லும். உயில் எழுதாமல் இறந்தவனுடைய நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்பது அங்கிருந்த பழைய சட்டம். அதை மாற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுக்கும் புதுச் சட்டத்தை வர்ஜீனியா 1785-இலேயே இயற்றிவிட்டது. அது அமலுக்கு வந்த நாள் 1787 ஜனவரி 1. பாட்டனார் இறந்ததோ அதற்கு ஏழெட்டு மாதம் முன்னால். நிலமெல்லாம் மொர்தெகாய்க்குப் போயிற்று. கடைசி மகன் தாமஸ் கூலி வேலை தேடி ஊர் ஊராக அலைந்து, படிப்பென்பதே இல்லாமல் வளர்ந்தார். மரக்குடிசைப் பாடத்தை இத்தனை ஆண்டுகள் நடத்திய நான், அந்த வறுமையில் இந்த ஏழெட்டு மாதத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கென்டக்கிக் காடு யாருமற்ற காடு அல்ல. ஷாவ்னி, செரோக்கி முதலான மக்கள் வேட்டையாடி வந்த பூமி. அதை நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு கச்சேரியில் உட்கார்ந்து, 100 ஏக்கர் 40 பவுன் என்று சீட்டுப் போட்டு விற்றார்கள். பாட்டனாரைக் கொன்றவர்கள் பக்கத்தில் ஒரு பத்திரமும் இல்லை. எழுதிக் கொடுத்தாலும் பதிந்துகொள்ள ஏடு இல்லை. மொர்தெகாயின் குண்டுக்கு விழுந்தவனின் பெயர் எந்த நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அவனுக்கும் பேரர்கள் இருந்திருக்கலாம். அவர்கள் எந்தக் கச்சேரியில் போய்த் தேடுவார்கள்?

தாமஸின் கதைக்கு வருவோம். அவரைச் சோம்பேறி, ஒன்றுக்கும் உதவாதவர் என்று எழுதிய ஆசிரியர்கள் உண்டு. 1926-இல் லூயிஸ் வாரன் என்பவர் கென்டக்கிக் கச்சேரிகளின் வரிப் பட்டியல்களையும் வழக்குக் கட்டுகளையும் துருவிப் பார்த்து ஒரு நூல் வெளியிட்டார். அதில் தெரியும் தாமஸ் வேறு மனிதர். 1803-இல், இருபத்தைந்து வயதில், மில் க்ரீக்கில் 238 ஏக்கரை 118 பவுனுக்கு வாங்கியிருக்கிறார். ஒன்றுமில்லாமல் அலைந்த பையன் சேர்த்த பணம் அது. பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு அதை விற்கப் போனால் அளவை தப்பு, 200 ஏக்கர்தான் இருக்கிறது என்றாயிற்று. 100 பவுனுக்கு விற்றார். 1808-இல் 200 டாலர் கொடுத்து இன்னொரு நிலம் வாங்கினார். லிங்கன் பிறந்தது அங்கேதான். முன்னே விற்றவர்களுக்குள் தீராத பாக்கி ஒன்று இருந்தபடியால் வழக்கு வந்து அந்த நிலமும் போயிற்று. மூன்றாவதாகக் குடியிருந்த நாப் க்ரீக் நிலத்திலிருந்து வெளியேற்றும்படி, பிலடெல்பியாக் குடும்பம் ஒன்று 10,000 ஏக்கர் தங்களுடையது என்று வழக்குத் தொடுத்தது.

மேப்பிள் மரத்தில் தொடங்கி ஹிக்கரி மரத்தில் திரும்பும் எல்லைகளின் விளைவு இது. அரசு முதலில் அளந்து பிறகு விற்கவில்லை. விற்றுவிட்டு அவரவரே அளந்துகொள்ளும்படி விட்டது. ஒருவர் நிலத்தின்மேல் இன்னொருவர் நிலம் ஓட்டு வீட்டுக் கூரையின் ஓடுகளைப்போல ஏறிக் கிடந்தது. கென்டக்கியைத் தந்தை விட்டது ஓரளவுக்கு அடிமை முறையாலும், பெரும்பாலும் நில உரிமைத் தகராறாலும் என்று லிங்கன் 1860-இல் எழுதினார். 1816-ஆம் ஆண்டு இறுதியில் குடும்பம் ஒஹையோ ஆற்றைத் தாண்டி இண்டியானாவுக்குப் போயிற்று. நாப் க்ரீக் வழக்கில் 1818-இல் தீர்ப்பு வந்தது, தாமஸுக்கே சாதகம். வெற்றி பெற்றவர் அங்கே இல்லை.

இண்டியானாவில் மத்திய அரசு நிலத்தை முதலிலேயே ஆறு மைல் சதுரங்களாகவும், அவற்றை 640 ஏக்கர்ப் பகுதிகளாகவும் அளந்து எண் கொடுத்திருந்தது. தாமஸ் 1817-இல் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குப் போய், ஏக்கர் 2 டாலர் வீதம் 160 ஏக்கருக்குப் பதிந்தார். முழுப் பணமும் கட்ட முடியவில்லை. பாதியைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு, 1827-இல் 80 ஏக்கருக்கு வில்லங்கமற்ற பட்டா பெற்றார். எண்ணிட்ட சதுரத்தில் ஒரு மரமும் தேவைப்படவில்லை.

பாட்டனாருக்கும் முன்னே போகலாமா என்றால், அங்கும் நிலப் பத்திரமே வழி காட்டியது. நியூ இங்கிலாந்தில் லிங்கன் என்ற பெயருடைய புகழ்பெற்ற குடும்பம் இருப்பதை லிங்கன் அறிவார். காங்கிரஸ் அங்கத்தினராக இருந்த 1848-இல் அந்த வழியில் கடிதம் எழுதியும் பார்த்தார். மொர்தெகாய், ஆபிரகாம், சாலமன் என்று இரு குடும்பங்களிலும் ஒரே பெயர்கள் வருவதைத் தவிர உறுதியாக ஒன்றும் அகப்படவில்லை. பெயரொற்றுமை சாட்சியாகுமா? நம் ஊரில் தெருவுக்கு நாலு சுப்பிரமணியன் உண்டு. பின்னால் ஆராய்ந்தவர்களுக்கு 1748-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. பென்ஸில்வேனியாவில் வாழ்ந்த ஜான் லிங்கன், தம் தந்தை மொர்தெகாய் விட்டுச்சென்ற நியூ ஜெர்ஸி நிலம் 300 ஏக்கரை அதன் மூலம் விற்கிறார். இன்னாருடைய மகன் என்று சொல்லாமல் விற்க முடியாதே! அந்த ஜான்தான் கென்டக்கிக்குப் போன பாட்டனாரின் தந்தை. அந்த மொர்தெகாயோ, 1637-இல் இங்கிலாந்திலிருந்து மாஸசூஸெட்ஸின் ஹிங்ஹாமில் வந்து குடியேறிய சாமுவேல் லிங்கனின் பேரர். அப்பன் பெயரை அவர் நமக்காகவா எழுதினார்? வாங்குகிறவன் கேட்டான், எழுதினார்.

கடைசியாக ஒரு பத்திரம். இதில் நிலம் இல்லை. ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது.

தாமஸும் நான்ஸி ஹாங்க்ஸும் 1806-இல் மணந்தார்கள் என்று லிங்கன் எழுதியிருந்தார். ஆனால் அவர் பெரிய பதவிக்கு வந்த பிறகு, அந்தத் திருமணமே நடக்கவில்லை என்று சிலர் பேசலானார்கள். 1865-இல் அவர் மறைந்த பிறகு பேச்சு வலுத்தது. தாமஸ் வாழ்ந்த ஹார்டின் ஜில்லாவின் கச்சேரியில் தேடினார்கள். நான்ஸி இறந்தபின் 1819-இல் தாமஸ் சாரா என்ற விதவையை மணந்த பதிவு அங்கே ஒழுங்காக இருந்தது. முதல் திருமணத்தின் பதிவைக் காணோம். இரண்டாவது இருந்து முதலாவது இல்லாவிட்டால் உலகம் என்ன சொல்லும்? சொல்லிற்று. நல்லவர்களும் நம்பினார்கள்.

நம் ஊர்ப் பாட்டி ஒருத்தியைக் கேட்டிருந்தால் உடனே வழி சொல்லியிருப்பாள்: "கல்யாணம் பெண் வீட்டிலே அல்லவா? பெண்ணுடைய ஊரில் போய்ப் பாருங்கள்." அங்கும் அப்படித்தான். மணமகள் வசிக்கும் ஜில்லாவில் மணமகன் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான்ஸி உறவினர் வீட்டில் வளர்ந்தது வாஷிங்டன் ஜில்லாவில். அந்தக் கச்சேரியின் குமாஸ்தா புக்கர் என்பவர் 1878-இல் பழைய கட்டுகளைத் தேடியபோது பத்திரம் கிடைத்தது. 1806 ஜூன் 10-ஆம் தேதி 50 பவுனுக்கு எழுதிய ஜாமீன். கூடவே, ஜூன் 12-ஆம் தேதி இருவருக்கும் மணம் செய்துவைத்ததாக ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் ஊழியர் கச்சேரிக்குக் கொடுத்த பட்டியல். எழுபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் காகிதங்கள் அடுத்த ஜில்லாவில் கட்டுக்குள் கிடந்தன. பாட்டனார் இறந்த ஆண்டைத் தவறாகச் சொன்ன லிங்கன், பெற்றோர் மணந்த ஆண்டைச் சரியாகவே சொல்லியிருந்தார்.

அந்த ஜாமீன் பத்திரத்தில் தாமஸ் லிங்கன் தம் கைப்படக் கையெழுத்திட்டிருக்கிறார். தம் பெயரைத் தட்டுத் தடுமாறிப் போடுவதற்கு மேல் தந்தைக்கு எழுத்து வராது என்று 1860-இல் மகன் சற்று வருத்தத்தோடு எழுதினார். அவர் குறிப்பிட்டது இந்த எழுத்தைத்தான். இந்தக் காகிதத்தை அவர் பார்த்ததில்லை.